கல்லூரி கோர்ட்டுக்குப் பிறகு: கூடைப்பந்துப் பெண்களும் ரயில்வே உத்தியோகமும்

இறுதியாண்டுத் தேர்வு முடிந்த மறுநாள் ஒரு கூடைப்பந்து வீராங்கனை என்ன ஆகிறார்?

அமெரிக்காவில் இதற்கு விடை இருக்கிறது. ஏப்ரல் மாதத்தில் ஒரு நாள் மாலை பெயர்களை வரிசையாகப் படிப்பார்கள். பெயர் வந்தால் தொழில்முறை அணி, வராவிட்டால் வேறு நாடு அல்லது வேறு வேலை. நம் ஊரில் அப்படி யாரும் பெயர் படிப்பதில்லை. எம்ப்ளாய்மெண்ட் நியூஸ் பத்திரிகையில் "விளையாட்டு ஒதுக்கீடு" என்று ஒரு அறிவிப்பு வரும். அதற்கு விண்ணப்பம் போட்டு, சான்றிதழ் நகல்களில் கையெழுத்து வாங்கி அனுப்ப வேண்டும். நம் பெண்களுக்கு டிராஃப்ட், லீக், ஒப்பந்தம் எல்லாமே அந்த ஒரே காகிதம்தான்.

இந்த இரண்டு வழிகளும் எப்படி உண்டாயின, அவற்றில் நடந்தவர்கள் எப்படிச் சமாளித்தார்கள் என்பதுதான் இந்தக் கட்டுரை.

கொஞ்சம் பின்னாலிருந்தே தொடங்குவோம். கூடைப்பந்து பிறந்தது 1891 டிசம்பரில், அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டு நகரில். ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிக் கல்லூரி ஆசிரியர் ஜேம்ஸ் நெய்ஸ்மித், குளிர்காலத்தில் பையன்களைக் கட்டடத்துக்குள் ஓடவிடுவதற்காகக் கண்டுபிடித்த விளையாட்டு அது. சில மாதங்களுக்குள் பக்கத்து ஊரான நார்த்தாம்ப்டனில் ஸ்மித் பெண்கள் கல்லூரிக்கும் அது போய்விட்டது. கொண்டு போனவர் அங்கே உடற்பயிற்சி ஆசிரியராக இருந்த செண்டா பெரன்சன். 1893 மார்ச்சில் முதலாண்டு மாணவிகளும் இரண்டாமாண்டு மாணவிகளும் மோதினார்கள். ஆண்களுக்கு உள்ளே அனுமதியே இல்லை!

பெரன்சன் ஒரு மாற்றம் செய்தார். கோர்ட்டை மூன்றாகப் பிரித்துக் கோடு போட்டார். ஒரு பகுதியில் நிற்பவள் அடுத்த பகுதிக்குப் போகக்கூடாது. பெண்கள் அதிகம் ஓடினால் உடம்புக்கு ஆகாது என்பது அந்தக் காலத்து மருத்துவ நம்பிக்கை. அந்தக் கோடுகள் மெல்ல மெல்லத்தான் அழிந்தன. அமெரிக்கக் கல்லூரிப் பெண்கள் ஐந்து பேராக, முழு கோர்ட்டிலும் ஓடி ஆடும் முறை நிரந்தரமானது 1971ல்தான். கிட்டத்தட்ட எண்பது வருடம் ஒரு சுண்ணாம்புக் கோட்டுக்குள் நின்றிருக்கிறார்கள்!

சென்னைக்கு வருவோம். 1920ல் ஹாரி குரோ பக் என்ற அமெரிக்கர் இங்கே ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கினார். ஆசியாவில் இந்த வகையில் முதல் கல்லூரி என்று சொல்லப்படுவது. இன்று நந்தனத்தில் இருக்கும் அதே கல்லூரிதான். 1924 பாரிஸ் ஒலிம்பிக்குக்கு இந்திய அணியோடு போனவரும் இந்த பக் தான். அங்கே படித்து வெளியேறிய உடற்கல்வி ஆசிரியர்கள் தென்னிந்தியா முழுக்கப் பள்ளிக்கூடங்களுக்குப் போனார்கள். தமிழ்நாட்டில் கூடைப்பந்து ஒரு பள்ளிக்கூட, கல்லூரி விளையாட்டாகவே வேர்பிடித்ததற்கு இது ஒரு முக்கியக் காரணம். கபடி மாதிரி கோயில் திருவிழாவில் ஆடிப் பழகும் ஆட்டமில்லை. இதற்கு சிமெண்ட் தரை வேண்டும், இரண்டு பக்கமும் போஸ்ட் வேண்டும், வளையம் வேண்டும். அது இருக்கிற இடம் பள்ளிக்கூடம். பள்ளிக்கூடம் முடிந்தால் கல்லூரி. கல்லூரி முடிந்தால்...?

அமெரிக்கா இந்தக் கேள்விக்குப் பதில் கண்டுபிடிக்க ரொம்பத் தடுமாறியது. இன்றைய பளபளப்பைப் பார்த்துவிட்டு அவர்களுக்கு எல்லாம் சுலபமாக நடந்துவிட்டதாக நினைத்துவிடக் கூடாது.

1972ல் "டைட்டில் ஒன்பது" என்ற சட்டம் வந்தது. அரசுப் பணம் வாங்கும் கல்வி நிறுவனம் ஆண், பெண் என்று பாகுபாடு காட்டக்கூடாது என்பது அதன் சாரம். விளையாட்டுக்கென்று எழுதிய சட்டமே இல்லை. ஆனால் அதன் பெரிய பலன் விளையாட்டில்தான் தெரிந்தது. பெண்களுக்கும் கல்லூரிகள் ஸ்காலர்ஷிப் கொடுத்து, பயிற்சியாளர் வைத்து, அணி நடத்த வேண்டி வந்தது. 1976ல் மாண்ட்ரியல் ஒலிம்பிக்கில் பெண்கள் கூடைப்பந்து முதல் முறையாக இடம்பெற்றது. திடீரென்று நன்றாக ஆடத் தெரிந்த பட்டதாரிப் பெண்கள் நிறையப் பேர். ஆடத்தான் இடமில்லை. காமர்ஸ் பாஷையில் சொன்னால் சப்ளை வந்துவிட்டது, மார்க்கெட் வரவில்லை.

1978 டிசம்பரில் எட்டு அணிகளோடு ஒரு தொழில்முறை லீக் தொடங்கினார்கள். மூன்றே சீசனில், 1981ல் அது மூடப்பட்டது. பணமில்லை. சம்பளம் வராமல் பல அணிகளில் பெண்கள் தவித்தார்கள். 1981ல் மின்னசோட்டா அணிப் பெண்கள் ஆட்டம் தொடங்கும் நேரத்தில் கோர்ட்டை விட்டு வெளியேறிவிட்டார்கள். சம்பளப் பாக்கிதான் காரணம். கல்லூரியில் ஆடும்போது ஹாஸ்டல் சாப்பாடு, புத்தகம், பஸ் எல்லாம் கல்லூரி பார்த்துக்கொள்ளும். சம்பளம் கேட்டுப் போராட வேண்டியதில்லை. தொழில்முறை ஆட்டத்தில் அவர்கள் கற்ற முதல் பாடம் முதலாளியிடம் பணம் இருக்கிறதா என்று பார்ப்பது.

அதற்குப் பிறகு பதினைந்து வருடம் வெளிநாடுதான் கதி. இத்தாலி, ஸ்பெயின், ஜப்பான். சிந்தியா கூப்பர் என்ற வீராங்கனையின் கதை இதற்கு நல்ல உதாரணம். தெற்கு கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் ஆடியவர். 1986ல் கல்லூரி முடித்துவிட்டு ஐரோப்பா போனார். ஸ்பெயினிலும் இத்தாலியிலும் பத்து வருடத்துக்கு மேல் ஆடினார். சொந்த ஊரில் அவர் பெயர் யாருக்கும் தெரியாது. 1997ல் டபிள்யூ.என்.பி.ஏ. தொடங்கியபோது அவருக்கு வயது 34. பெரும்பாலான வீராங்கனைகள் ஓய்வு பெறும் வயது. முதல் இரண்டு வருடமும் லீக்கின் மதிப்புமிக்க வீராங்கனை விருது அவருக்குத்தான். ஹூஸ்டன் காமெட்ஸ் 1997 முதல் 2000 வரை நான்கு கோப்பைகளையும் தொடர்ந்து வென்றது. நான்கு இறுதித் தொடர்களிலும் சிறந்த வீராங்கனை அவரே.

அந்த லீக் பிறந்த விதமும் சுவாரசியமானது. அட்லாண்டா ஒலிம்பிக்குக்காக அமெரிக்கா ஒரு பெண்கள் அணியை ஒரு வருடம் சம்பளம் கொடுத்து ஒன்றாக வைத்திருந்தது. ஒவ்வொருவருக்கும் 50,000 டாலர். அந்த அணி ஒலிம்பிக்குக்கு முன் 52 ஆட்டம், ஒலிம்பிக்கில் 8 ஆட்டம், மொத்தம் 60 ஆட்டம் ஆடி ஒன்றில்கூடத் தோற்கவில்லை. கூட்டமும் வந்தது. உடனே ஒன்றுக்கு இரண்டாக லீக் முளைத்தது. 1996 அக்டோபரில் ஏ.பி.எல்., 1997 ஜூனில் டபிள்யூ.என்.பி.ஏ. முதலாவது நல்ல சம்பளம் கொடுத்தது. இரண்டாவதற்குப் பின்னால் ஆண்கள் லீக்கான என்.பி.ஏ.வின் பணமும் டிவி ஒப்பந்தமும் இருந்தன. 1998 டிசம்பரில், சீசனின் நடுவே ஏ.பி.எல். திவாலாகி நின்றது. நல்ல சம்பளம் கொடுத்த கம்பெனி செத்தது, குறைந்த சம்பளம் கொடுத்த கம்பெனி பிழைத்தது. ஏன், நான்கு கோப்பை வென்ற ஹூஸ்டன் அணியே 2008ல் வாங்க ஆளில்லாமல் கலைக்கப்பட்டது.

சரி, பிழைத்த லீக்கில் கல்லூரிப் பெண்கள் எப்படி ஒட்டிக்கொண்டார்கள்? இதற்கு சமீபத்திய உதாரணம் கெய்ட்லின் கிளார்க். அயோவா பல்கலைக்கழகத்தில் ஆடி, அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தின் முதல் பிரிவில் மொத்தப் புள்ளிச் சாதனையை முறியடித்தவர். 2024 ஏப்ரல் 7ல் கல்லூரி இறுதிப் போட்டி. ஏப்ரல் 15ல் டிராஃப்டில் முதல் பெயர். மே 14ல் இண்டியானா அணிக்காக முதல் தொழில்முறை ஆட்டம். ஐந்து வாரம்தான் இடைவெளி! அந்த முதல் ஆட்டத்தில் 20 புள்ளி எடுத்தார். அதே ஆட்டத்தில் 10 முறை பந்தை எதிரணியிடம் பறிகொடுத்தார்.

ஆட்டம் தெரியாததால் வந்த பத்து இல்லை அது. கல்லூரியில் அவர் கொடுக்கும் பாஸ் போய்ச் சேரும் இடைவெளி, இங்கே அரை நொடியில் மூடிவிடுகிறது. கல்லூரியில் எதிரே நிற்பவள் 19 வயதுப் பெண். இங்கே பத்து வருடம் இதையே தொழிலாகச் செய்த 30 வயதுக்காரி. தோளால் இடிப்பதிலேயே வித்தியாசம் தெரியும். இடமும் குறைவு. 2024ல் 12 அணிகள், அணிக்கு 12 பேர், ஆக மொத்தம் 144 நாற்காலி. அந்த வருடம் 36 பேரை டிராஃப்டில் எடுத்தார்கள். அதில் பலர் பயிற்சி முகாமோடு வீட்டுக்குத் திரும்புவார்கள். கிளார்க் தடுமாறினாலும் ஆடவிட்டார்கள், அந்த சீசன் முடிவில் சிறந்த புதுமுகமும் அவர்தான். மூன்றாம் சுற்றில் எடுக்கப்பட்ட பெண்ணுக்குப் பத்து முறை பந்தை விட அனுமதி கிடையாது. பழகிக்கொள்ள நேரம் கிடைப்பதே ஒரு சொத்து. அது எல்லோருக்கும் சமமாகக் கிடைப்பதில்லை.

இப்போது நம் பக்கம்.

நம் பெண்களுக்கும் ஒரு தொழில்முறை லீக் பல பத்தாண்டுகளாக இருக்கிறது என்று சொன்னால் சிரிப்பீர்கள். அதன் பெயர் இந்திய ரயில்வே. தேசிய சாம்பியன்ஷிப்பில் ரயில்வே தனி அணியாக, மாநிலங்களுக்குச் சமமாக ஆடுகிறது. பெண்கள் பிரிவில் பல்லாண்டுகளாக அதுதான் ராஜ்ஜியம். கேரளப் பெண், தமிழ்நாட்டுப் பெண், உத்தரப் பிரதேசப் பெண் என்று எல்லா ஊரின் நல்ல ஆட்டக்காரிகளையும் வேலை கொடுத்துக் கூட்டிக்கொண்டால் யார்தான் ஜெயிக்க முடியும்? தமிழ்நாடு வளர்த்த பெண் ரயில்வே சட்டை போட்டுக்கொண்டு தமிழ்நாட்டையே தோற்கடிப்பாள். இதில் அவளைக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

ஆண்களுக்குக் கதவுகள் அதிகம். சென்னையில் இந்தியன் வங்கி, இந்தியன் ஓவர்சீஸ் வங்கி என்று வங்கிகளே பெயர்பெற்ற கூடைப்பந்து அணிகளை வைத்திருந்தன. கல்லூரியில் நன்றாக ஆடிய பையனுக்கு வங்கி கவுண்ட்டரில் ஒரு நாற்காலி என்பது ஒரு தலைமுறைக் கனவு. பெண்களுக்கு அந்த வங்கிக் கதவுகள் அப்படித் திறக்கவில்லை. கேரளத்தில் மின்வாரியம் ஒரு நல்ல பெண்கள் அணியை வைத்திருக்கிறது. தமிழ்நாட்டில் பெரும்பாலும் தெற்கு ரயில்வேதான்.

இந்த 'டிராஃப்ட்' எப்படி நடக்கிறது என்பதைத் தெரிந்துகொள்வது நல்லது. ரயில்வேயின் விளையாட்டு ஒதுக்கீட்டு விதிகளில் மொத்தம் 100 மதிப்பெண். இதுவரை வாங்கிய பதக்கங்களுக்கு 50, நேரில் ஆடிக்காட்டும் சோதனைக்கு 40, படிப்புக்கு 10. வயது 18 முதல் 25க்குள். பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான அகில இந்தியப் போட்டியில் முதல் மூன்று இடத்துக்குள் வந்த சான்றிதழ் இதில் செல்லும். இதனால்தான் கல்லூரி அணிகளின் பெண்கள் பல்கலைக்கழக அணித் தேர்வுக்கு அப்படி அடித்துக்கொள்கிறார்கள். அந்த ஒரு வாரப் போட்டியில் நான்காவது இடம் வந்தால் வெறும் கைத்தட்டல், மூன்றாவது இடம் வந்தால் ஒரு வேலைக்கான தகுதி. அரையிறுதியில் தோற்ற இரண்டு அணிகள் ஆடும் அந்த மூன்றாமிட ஆட்டத்தை யாரும் பார்க்க வருவதில்லை. ஆடுபவர்களுக்கு அதைவிடப் பெரிய ஆட்டம் வாழ்க்கையில் இருக்காது.

வேலை கிடைத்தால்? பதக்கத்தின் தரத்தைப் பொறுத்து ஏழாவது ஊதியக் குழுவின் நிலை 2, 3 அல்லது 4, 5. அடிப்படைச் சம்பளம் நிலை 2க்கு 19,900 ரூபாய், நிலை 5க்கு 29,200 ரூபாய். அகவிலைப்படி, வீட்டு வாடகைப்படி, ரயில் பாஸ் தனி. 22 வயதில் சேர்ந்தால் 60 வயது வரை 38 வருட வேலை. முழங்கால் 30 வயதில் போனாலும் சம்பளம் போகாது. டிக்கெட் பரிசோதனையோ அலுவலக மேசையோ, ஏதோ ஒன்று இருக்கும். அமெரிக்க லீக்கில் முழங்கால் போனால் அடுத்த வருட ஒப்பந்தமும் கூடவே போய்விடும்.

இந்தப் பாதையில் பழகிக்கொள்வது வேறு மாதிரி. கிளார்க்குக்குப் பிரச்சினை வேகம். இங்கே பிரச்சினை நிதானம்! கல்லூரியில் காலை, மாலை என்று இரண்டு வேளை பயிற்சி, ஹாஸ்டலில் கூடவே இருக்கும் பத்துத் தோழிகள், மாதம் ஒரு டோர்னமெண்ட். வேலையில் சேர்ந்த பிறகு வருடத்தில் சில பெரிய போட்டிகள், அதற்கு முன் ஒரு முகாம், சிறப்பு விடுப்பு. மற்ற நாட்களில் அலுவலகம். எதிரே நிற்கும் அணிகளும் பெரும்பாலும் பலம் குறைந்தவை. வாரா வாரம் தன்னைவிடப் பெரிய ஆளிடம் அடிபட்டுத்தான் ஆட்டக்காரி வளர்கிறாள். அந்த அடி இங்கே கிடைப்பதில்லை.

கீத்து அன்னா ஜோஸ் இதை உணர்ந்திருக்க வேண்டும். கோட்டயம் மாவட்டத்துக்காரர், சங்கனாச்சேரி அசம்ப்ஷன் கல்லூரியில் ஆடியவர், பிறகு தெற்கு ரயில்வே. உயரம் ஆறடி இரண்டு அங்குலம். இந்தியாவில் அவரை வளையத்துக்குக் கீழே தடுக்க ஆளே இல்லை. 2006 முதல் 2008 வரை ஆஸ்திரேலியாவில் மெல்போர்ன் புறநகரான ரிங்வுட் அணிக்கு ஆடினார். ஆஸ்திரேலியாவில் அப்படி ஆடிய முதல் இந்தியப் பெண். 2011ல் இன்னும் ஒரு படி மேலே போய், சிகாகோ, லாஸ் ஏஞ்சலஸ், சான் அன்டோனியோ ஆகிய மூன்று டபிள்யூ.என்.பி.ஏ. அணிகளின் தேர்வுக்குப் போனார். அந்த லீக்கின் தேர்வுக்குப் போன முதல் இந்தியரும் அவரே. ஒப்பந்தம் கிடைக்கவில்லை.

ஏன் கிடைக்கவில்லை என்பதற்கு அளவுகளைப் பார்த்தாலே பாதி விடை கிடைக்கும். இந்தியாவில் ஆறடி இரண்டு அங்குலம் என்றால் சென்டர். அதாவது வளையத்துக்கு முதுகைக் காட்டி நின்று, பந்தை வாங்கி, திரும்பிப் போடுபவர். அப்போது சிகாகோ அணியின் சென்டர் சில்வியா ஃபவுல்ஸ், ஆறடி ஆறு அங்குலம். லாஸ் ஏஞ்சலஸில் ஆறடி நான்கு அங்குல கேண்டஸ் பார்க்கர், பந்தைத் தட்டிக்கொண்டு கார்டு மாதிரி ஓடுவார். அந்த ஊரில் கீத்துவின் உயரத்தில் இருப்பவர்கள் வெளியே நின்று ஆடுகிறவர்கள். சின்ன வயதிலிருந்து உயரமான பெண்ணை வளையத்துக்குக் கீழேயே நிறுத்திவைத்துப் பழக்குவது நம் பயிற்சி முறை. (பள்ளி அணிக்கு உடனே கோப்பை வேண்டுமே!) 25 வயதில் திடீரென்று வெளியே வந்து ஆடு என்றால் எப்படி? அந்த வருடம் லீக்கில் அணிக்கு 11 பேர் என்று இடத்தையும் சுருக்கியிருந்தார்கள். தோல்வி என்று இதைச் சொல்வது நியாயமாகாது. ரயில்வே வேலையில் இருந்துகொண்டு, தேசிய லீக் என்று ஒன்றே இல்லாத நாட்டிலிருந்து ஒருத்தி அந்த வாசல் வரை போனதுதான் செய்தி. 2014ல் அவருக்கு அர்ஜுனா விருது கிடைத்தது. 2019ல் கேரள மின்வாரியத்தின் ஜீனா ஸ்கரியா அதே ரிங்வுட் அணிக்குப் போனார். ஒருத்தி மிதித்த பாதையில் இன்னொருத்தி நடந்தாள்.

சென்னைப் பெண் அனிதா பால்துரை போன வழி வேறு. வெளிநாட்டு லீக் எதையும் துரத்தவில்லை. 1985ல் பிறந்தவர், 19 வயதில் இந்திய அணிக்குத் தலைவி, தெற்கு ரயில்வேயில் வேலை. ஏறத்தாழ பதினெட்டு ஆண்டுகள் இந்தியாவுக்காக ஆடினார். ஒன்பது ஆசிய சாம்பியன்ஷிப்களில் இருந்தார். 2009ல் அந்த ஆசிய சாம்பியன்ஷிப் சென்னையிலேயே நடந்தது, சீனா கோப்பையைத் தூக்கிக்கொண்டு போனது. 2013ல் தோஹாவில் ஆசிய மூவர் கூடைப்பந்தில் தங்கம் வென்ற இந்திய அணியிலும் அவர் உண்டு. 2021ல் பத்மஸ்ரீ.

ஆனால் அவர் வாழ்க்கையில் இந்தக் கட்டுரைக்கு முக்கியமான பகுதி விருதுகள் அல்ல. குழந்தை பிறந்த பிறகு அவர் மறுபடி பயிற்சி எடுத்து, 2017 ஜூலையில் பெங்களூரில் நடந்த ஆசியக் கோப்பை 'பி' பிரிவுப் போட்டியில் ஆடினார். இந்தியா இறுதியாட்டத்தில் கஜகஸ்தானை இரண்டே புள்ளி வித்தியாசத்தில் வென்று 'ஏ' பிரிவுக்கு ஏறியது.

இதையும் அமெரிக்காவையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரு வேடிக்கை தெரியும். 1997ல் டபிள்யூ.என்.பி.ஏ. தொடங்கிய அதே வாரத்தில் ஹூஸ்டனின் ஷெரில் ஸ்வூப்ஸுக்குக் குழந்தை பிறந்தது. ஆறு வாரத்தில் அவர் கோர்ட்டுக்கு வந்துவிட்டார். பத்திரிகைகள் கொண்டாடின. ஆறு வாரம்! நம் வீடுகளில் அந்த நாளில் வாசல்படி தாண்ட விடமாட்டார்கள். அந்த லீக்கில் பிரசவ விடுப்பின்போது முழுச் சம்பளம் என்பது 2020 ஒப்பந்தத்தில்தான் வந்தது. இந்திய மத்திய அரசுப் பெண் ஊழியருக்கு 2008லிருந்தே 180 நாள் சம்பளத்தோடு மகப்பேறு விடுப்பு. குழந்தை வளர்ப்பு விடுப்பு தனி. ரயில்வே வீராங்கனைக்கும் அதே விதிதான், ஏனென்றால் விதிப்புத்தகத்தில் அவள் வீராங்கனையே இல்லை, ஊழியர். உலகின் முதல்தர லீக் 23 வருடம் கழித்துக் கொடுத்ததை, கூடைப்பந்து என்ற வார்த்தையே இல்லாத ஒரு அரசாணை முன்னாலேயே கொடுத்துவிட்டது.

அதற்காக ரயில்வேதான் சொர்க்கம் என்று முடிவு கட்ட முடியாது. சம்பளத்துக்காக ஆட்டத்தின் தரத்தை விட்டுக்கொடுக்கும் பேரம் அது. அமெரிக்கப் பெண்களும் வேறு பேரம் பேசத்தான் செய்தார்கள். டயானா தவ்ராசி 2015ல் டபிள்யூ.என்.பி.ஏ. சீசனையே ஆடவில்லை. அவருடைய ரஷ்ய அணி, ஓய்வெடுத்துக்கொள் என்று பணம் கொடுத்தது. அங்கே வருடத்துக்குச் சுமார் 15 லட்சம் டாலர், சொந்த நாட்டில் ஒரு லட்சத்துச் சொச்சம். பிரிட்னி கிரைனர் 2022 பிப்ரவரியில் ரஷ்யாவில் கைதாகி டிசம்பரில்தான் விடுதலையானார். அவர் அங்கே போனதே குளிர்காலத்தில் அந்த ஊர் அணிக்கு ஆடிச் சம்பாதிக்கத்தான்.

நம் நாட்டில் லீக் வருமென்று சொன்னவர்கள் உண்டு. 2010ல் இந்தியக் கூடைப்பந்து சம்மேளனம் ரிலையன்ஸ், ஐ.எம்.ஜி. கூட்டு நிறுவனத்தோடு முப்பது வருட ஒப்பந்தம் போட்டது. லீக் வரவில்லை. 2015ல் யு.பி.ஏ. என்ற தனியார் லீக் வந்தது, சென்னை ஸ்லாம் என்று ஒரு அணிகூட இருந்தது, 2017க்குப் பிறகு நின்றுபோனது. ஆண்களுக்கு மட்டும். பிறகு ஐ.என்.பி.எல். வந்தது. 2022ல் அதன் மூவர் போட்டியில் பெண்களுக்கும் இடம் கொடுத்தார்கள். ஆனால் நகர அணிகளோடு நடந்த ஐவர் லீக் ஆண்களுடையது. கபடியில் 2016ல் பெண்களுக்கு மூன்று அணி வைத்து நடத்திப் பார்த்தார்கள், அடுத்த வருடம் அதைக் காணோம். கிரிக்கெட்டில் 2023ல் வந்த பெண்கள் பிரீமியர் லீக் மட்டும் காசு விஷயத்தில் வேறு கதை. அது ஏற்கெனவே நிரம்பியிருந்த கல்லாவிலிருந்து நடத்தப்படுவது.

இப்போது ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். சேலத்திலிருந்து ஏற்காட்டுக்குப் போகும் இன்னொரு மலைப்பாதை தொடங்கும் குப்பனூரில் ஒரு பெண் இருக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். பெரிய பாதையில் மண் சரிந்தாலோ, கோடை விழாக் கூட்டம் ஏறினாலோதான் வெளியூர்க்காரர்களுக்குக் குப்பனூர் என்று ஒரு ஊர் இருப்பதே ஞாபகம் வரும். அவள் உயரமானவள். உடற்கல்வி ஆசிரியர் கண்ணில் பட்டு, விளையாட்டு விடுதி, கல்லூரி, பல்கலைக்கழக அணி என்று ஏறி வந்துவிட்டாள். 22 வயது. ஒரு பக்கம், ஒரு தனியார் லீக் வந்து இரண்டு மாதத்துக்கு நல்ல பணம் தருகிறேன் என்கிறது. அடுத்த வருடம் அந்த லீக் இருக்குமா என்று அதன் முதலாளிக்கே தெரியாது. இன்னொரு பக்கம், 2007ல் தனிக் கோட்டமாகப் பிரிந்த சேலத்தையும் உள்ளடக்கிய தெற்கு ரயில்வேயின் விளையாட்டு ஒதுக்கீடு. 25 வயது தாண்டினால் அந்தக் கதவு மூடிவிடும். வீட்டில் என்ன சொல்வார்கள் என்பதை விளக்கவே வேண்டாம். பெண் பார்க்க வருகிறவர்களிடமும் "ரயில்வேயில் இருக்கிறாள்" என்பது ஒரே வார்த்தையில் முடியும். "லீக்கில் ஆடுகிறாள்" என்றால் அரை மணி நேரம் விளக்க வேண்டும்.

அவள் ரயில்வேயைத்தான் எடுப்பாள். எடுப்பதுதான் சரியும்கூட. அவள் எடுத்த சரியான முடிவுகள் எல்லாம் சேர்ந்துதான் இங்கே லீக் வராமல் இருக்கிறது என்பதும் உண்மை. ஆட்டக்காரிகள் எல்லாம் நிரந்தர வேலையில் இருக்கும்போது, எந்த முதலாளி அவர்களை வாங்க முடியும்? லீக் இல்லாததால் வேலைக்குப் போகிறார்கள், வேலையில் இருப்பதால் லீக் வருவதில்லை. இந்த முடிச்சை அவிழ்க்க ரயில்வேயே தன் வீராங்கனைகளை சீசனுக்கு மட்டும் நகர அணிகளுக்கு விட்டுக்கொடுக்கலாம். கீத்து ஆஸ்திரேலியா போய் ஆடியது ஏறக்குறைய அப்படித்தான். வேலையும் இருந்தது, வெளி ஆட்டமும் கிடைத்தது. ஒருவருக்குச் செய்ய முடிந்ததைப் பன்னிரண்டு பேருக்குச் செய்ய முடியாதா என்ன?

அதுவரை நம் ஊரில் இரண்டு உலகமும் சந்திக்கும் இடம் ஒன்று உண்டு. கோவையில் ஆண்டுதோறும் ஆண்களுக்கு நாச்சிமுத்துக் கவுண்டர் கோப்பையும், கூடவே பெண்களுக்கு சி.ஆர்.ஐ. பம்ப்ஸ் கோப்பையும் நடக்கிறது. தெற்கு ரயில்வே, கேரள மின்வாரியம் மாதிரி உத்தியோக அணிகளும் வரும். கல்லூரிப் பெண்ணுக்கு முன்னால் திடீரென்று இந்தியாவுக்கு ஆடிய ஒரு முப்பது வயது அக்கா வந்து நிற்பாள். முதல் ஐந்து நிமிடத்தில் இரண்டு முறை பந்து பறிபோகும். மூன்றாவது முறை அந்தப் பெண் பாஸ் கொடுப்பதற்கு முன் ஒரு நொடி பார்ப்பாள். பெஞ்சில் இருக்கும் பயிற்சியாளர் அதைக் கவனித்து நோட்டில் எழுதிக்கொள்வார். அடுத்த அறிவிப்பு வரும்போது அவளுக்கு வயது 25 தாண்டாமல் இருக்க வேண்டும்.